அப்பாவின் எட்டு மணி நேரம்

1984. பெரம்பூரில் நம் பள்ளியின் பதினொன்றாம் வகுப்பு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரலாற்றுப் பாடம். வாத்தியார் அன்று புத்தகத்தைத் திறக்கவில்லை. "உங்க அப்பா என்னடா வேலை பார்க்கிறார்?" என்று என்னை எழுப்பினார்.

அம்பத்தூரில் ஒரு பட்டறையில் இரும்பைக் கடையும் லேத் மெஷின் ஓட்டுகிறார் என்றேன். நாள் கூலி 25 ரூபாய். இரும்பை ஆர்டர் தரும் பார்ட்டியே கொடுத்துவிடும். பீஸுக்கு 2 ரூபாய் முதலாளிக்கு. ஷிப்டுக்கு 80 பீஸ் என்று ஒரு குத்துமதிப்பாகச் சொன்னேன்.

கரும்பலகையில் கணக்குப் போட்டார். வரவு 160. கரண்ட், டூல், வாடகை, மெஷின் தேய்மானம் என்று 60 ரூபாயைத் தாராளமாகவே கழித்தார். மீதி 100, எட்டு மணி நேரத்தில் அப்பாவின் உழைப்பு சேர்த்தது. அதில் கூலி 25. காலையில் முதல் இரண்டு மணி நேரத்திலேயே அப்பா தன் கூலியைச் சம்பாதித்துவிடுகிறார். மிச்ச ஆறு மணி நேரம்? அதில் சேரும் 75 ரூபாய் முதலாளிக்கு. 1867-இல் வெளிவந்த 'மூலதனம்' நூலில் மார்க்ஸ் உபரி மதிப்பு என்று சொன்னது இதைத்தான் என்றார்.

பட்டறைக்காரர் மகன் ஒருவன் எழுந்தான். "எங்கப்பா அம்மா நகையை அடகு வச்சு மெஷின் வாங்கினார் சார். ஆர்டர் இல்லாத மாசம் நஷ்டம் யாருக்கு?"

வாத்தியார் அவனை அடக்கவில்லை. போட்டி முதலாளியையும்தான் விரட்டுகிறது என்றார். ஆனால் பட்டறையை மூடினால் உன் அப்பாவிடம் விற்க மெஷின் இருக்கும். இவன் அப்பாவிடம் விற்க நாளைய உழைப்பு மட்டும்தான், அதை வாங்க ஆள் வேண்டும். அந்த மெஷினும் யாரோ உழைத்துச் செய்ததுதானே? இதைவிடத் தெளிவான பதிலை நான் இன்றுவரை கேட்டதில்லை.

அப்புறம் நம் பேட்டைக் கதைக்கு வந்தார். 1918 ஏப்ரல் 27 அன்று இதே பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். இங்கிருந்த பின்னி பஞ்சாலைத் தொழிலாளர்களின் குறைகளில் ஒன்று, வாயில் போட்டதை மெல்லவும் போதாத அரை மணிச் சாப்பாட்டு நேரம். பின்னி நிர்வாகம் உயர் நீதிமன்றம் போய் வாடியாவுக்கு எதிராகத் தடையாணை வாங்கியது. சங்கம் நடத்தச் சட்டத்தின் காப்பு இல்லை என்பது அந்த வழக்கில் வெளிச்சமானது; 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

இன்று மெல்போர்னில் ஒரு கிடங்கில் ஷிப்ட் மேற்பார்வை பார்க்கிறேன். யார் மணிக்கு எத்தனை பெட்டி எடுத்தார்கள் என்று ஸ்கேனர் எண்ணிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தாளில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் சாக்பீஸ் கணக்கு கண்முன் வந்து நிற்கும்.

அந்தப் பாடம் நடந்த அன்று இரவு அப்பாவிடம், 1948 தொழிற்சாலைச் சட்டப்படி ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலியாமே என்றேன். பன்னிரண்டு பேர் வேலை செய்த அந்தப் பட்டறையில் ஒற்றைக் கூலிதான் கொடுத்தார்கள்.

"தெரியும்பா. கேட்டா, கேட்டுக்கு வெளியே நாலு பேர் நிக்கிறான்."

வாத்தியார் போட்ட கணக்கு இருந்த என் நோட்டை வாங்கி விளக்கடியில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் பேனாவால் 80-ஐ அடித்துவிட்டு 96 என்று எழுதினார்.

"மெஷின் செட்டிங் நேரம் போகவே இவ்வளவு ஓட்டுறேன். வாத்தியாரை மறுபடி போடச் சொல்லு."