லின் நகரின் படைவீரர் மன்றம்

பாஸ்டனுக்கு வடக்கே, மாசசூசெட்ஸ் விரிகுடாவின் கரையில் இருக்கும் லின், கடலோர ஊராக இருந்தும் மீன்பிடிப்பைவிடக் காலணித் தொழிலுக்கே பெயர் பெற்றது. அந்த ஊரின் முன்னாள் படைவீரர் சங்கத்தைப் பற்றி எழுத வேண்டுமானால் தொழிலாளர்களிடமிருந்தே தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1860 பிப்ரவரியில் கூலி உயர்வு கேட்டுக் காலணித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மார்ச் 7 அன்று கொட்டும் பனியில் பெண் தொழிலாளர்கள் நடத்திய பெரும் ஊர்வலத்துக்கு முன்னே துப்பாக்கி ஏந்தி நடந்தவர்கள் ‘லின் சிட்டி கார்ட்ஸ்’ என்ற உள்ளூர்ப் படையினர். அடுத்த ஆண்டு ஏப்ரலில், பிரிந்து சென்ற தென் மாநிலங்களுக்கும் ஒன்றியம் எனப்பட்ட வட மாநிலங்களின் தரப்புக்கும் இடையே அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டதும், அதே படை 8ஆவது மாசசூசெட்ஸ் படைப்பிரிவில் சேர்ந்து தலைநகர் வாஷிங்டனைக் காக்கப் புறப்பட்டது.

போர் முடிந்து திரும்பியவர்களுக்காக 1866 ஏப்ரல் 6 அன்று இலினாய் மாநிலத்தின் டிகேட்டர் நகரில், படை மருத்துவராகப் பணியாற்றிய பெஞ்சமின் ஸ்டீஃபன்சன் ‘கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார். இதன் கிளைகள் ‘போஸ்ட்’ எனப்பட்டன. உயிரோடிருப்பவர் பெயரை எந்தக் கிளைக்கும் சூட்டுவதில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 5ஆம் எண் கிளையாக அமைந்த லின் கிளை, பக்கத்து ஊரான சேலத்தில் பிறந்த ஜெனரல் ஃபிரெடெரிக் லாண்டரின் பெயரைத் தாங்கியது. மேற்குப் பகுதிகளில் பாதைகளை அளந்து வகுத்த அந்தப் பொறியாளர், 1862 மார்ச்சில் போர்க்களப் பாசறையிலேயே நோயுற்று இறந்தவர். லாண்டர் கிளை நாளடைவில் நாட்டின் மிகப் பெரிய கிளைகளுள் ஒன்றாக வளர்ந்தது.

1885இல் லின் நகரின் ஆண்ட்ரூ தெருவில் இக்கிளை தனக்கென நான்கு மாடிக் கட்டடம் எழுப்பியது. கூட்ட அறையின் சுவர்களில் உறுப்பினர்களின் படங்கள் வரிசை வரிசையாக மாட்டப்பட்டிருக்கின்றன. எண்ணிக்கை 1200க்கும் மேல். தளபதிகளுக்குச் சிலை வைக்கும் வழக்கம் எங்கும் உண்டு. பட்டறையிலும் கடையிலும் உழைத்துப் பிழைத்த சாதாரணச் சிப்பாய்களின் முகங்களை இத்தனை எண்ணிக்கையில், ஒருவருக்கு மேல் ஒருவர் என்ற பெருமை சிறுமை இல்லாமல், அவர்களே தங்கள் செலவில் கட்டிய கூடத்தில் வைத்திருப்பதுதான் இந்த மன்றத்தை என் மனத்துக்கு நெருக்கமாக்குகிறது. அவர்களுள் பலருக்கு வரலாற்றில் வேறெங்கும் இடமில்லை.

சகோதரத்துவம், ஈகை, விசுவாசம் என்ற மூன்றும் சங்கத்தின் குறிக்கோள்களாக இருந்தன. இவற்றுள் ஈகைதான் அன்றாட வேலையாக இருந்தது. நோயுற்ற உறுப்பினருக்கும் கைம்பெண்களுக்கும் நிதி உதவி செய்வது, இறந்தவருக்கு உரிய மரியாதையோடு இறுதிச் சடங்கு நடத்துவது, ஓய்வூதிய விண்ணப்பத்துக்கு வழிகாட்டுவது ஆகியவற்றைக் கிளைகள் செய்தன. பெண்கள் தொடங்கிய ‘விமன்ஸ் ரிலீஃப் கோர்’ 1879இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தோன்றி, 1883இல் நாடு முழுவதற்குமான துணை அமைப்பாயிற்று. சங்கம் கொடுத்த அழுத்தத்தால் 1890இல் வந்த சட்டம், குறைந்தது 90 நாள் பணியாற்றி உடலுழைப்புக்கு இயலாதுபோன முன்னாள் வீரருக்கு, அந்த இயலாமை போரால் வந்ததாக இல்லாவிட்டாலும் ஓய்வூதியம் தந்தது. கை உழைப்பை நம்பி வாழ்ந்த லின் போன்ற ஊருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்! அந்த ஆண்டில்தான் சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை 4 லட்சத்தைத் தாண்டி உச்சத்தைத் தொட்டது. அரசியல்வாதிகள் அவர்களுடைய வாக்குகளுக்காக வளைந்து கொடுத்தார்கள் என்ற குறை அன்றே எழுந்தது. அதில் உண்மையும் உண்டு. ஆனால் உடல் தளர்ந்தவர்கள் ஒன்றுகூடிக் குரல் எழுப்பியதைப் பேராசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கறுப்பின வீரர்களையும் இந்தச் சங்கம் உறுப்பினராக ஏற்றது. தென் மாநிலங்களில் இதற்கு எதிர்ப்பு வலுத்தது. பல இடங்களில் கறுப்பினத்தவருக்குத் தனிக் கிளைகளே அமைந்தன. மாசசூசெட்ஸில் 1905இல் ஜேம்ஸ் வுல்ஃப் என்ற கறுப்பின வழக்கறிஞர், போர்க்காலத்தில் கடற்படையில் பணியாற்றியவர், சங்கத்தின் மாநிலக் கிளைகள் அனைத்துக்கும் தலைவராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். இன வேற்றுமை சட்டமாகவே இறுகிவந்த காலத்தில் வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த ஒரு சங்கம் இதைச் செய்தது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

உள்நாட்டுப் போரில் ஒன்றியத்தின் தரப்பில் பணியாற்றி மதிப்புடன் விடுவிக்கப்பட்டவர் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற விதியைச் சங்கம் கடைசிவரை தளர்த்தவில்லை. மகன்களுக்கென 1881இல் தனி அமைப்பு தோன்றியது; பிற்காலப் போர்களில் பங்கேற்றவர்கள் வேறு சங்கங்களைத் தேடிக்கொண்டார்கள். தங்களோடு சங்கம் முடிந்துவிடும் என்று தெரிந்தே லின் கிளையினர் தங்கள் மன்றத்தை நகரத்தின் பொறுப்பில் விட்டார்கள். சங்கத்தின் கடைசி தேசிய மாநாடு 1949இல் இண்டியானாபொலிஸில் நடந்தது. கடைசி உறுப்பினரான ஆல்பர்ட் வூல்சன் 1956 ஆகஸ்ட் 2 அன்று மினசோட்டா மாநிலத்தின் டுலூத் நகரில் காலமானதும் சங்கம் கலைந்தது. ஆண்ட்ரூ தெருக் கட்டடம் 1979இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. படங்கள் நிறைந்த அந்தக் கூடம் இப்போது அருங்காட்சியகமாகப் பேணப்படுகிறது.