அசல் அம்மாவிடம் இருக்கிறது

நவம்பர் 21

மழை நின்றபாடில்லை. தென்மேற்குப் பருவத்தில் கூடலூரும் நடுவட்டமும் நனையும். கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு வடகிழக்குதான் மழை. காலையில் அருங்காட்சியகத்துக்குப் போனதும் வடக்குச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். இன்னும் குளிர்ந்துதான் கிடக்கிறது.

இரண்டு வருடமாக மூடிக் கிடக்கும் எங்கள் அருங்காட்சியகத்தைப் பொங்கல் கழிந்ததும் திறப்பதாகப் பேச்சு. கட்டடம் பழைய பங்களா, செங்கல்லும் சுண்ணாம்பும். முன்பொரு தடவை பழுது பார்த்தவர்கள் மேலே சிமெண்டைப் பூசிவிட்டுப் போய்விட்டார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயில் கண்டால் விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. ஈரம் உள்ளேயே தங்கி உப்பாகப் பூத்து, செங்கல்லைக் கையால் உதிர்க்கிற நிலைக்குக் கொண்டுவந்தது. பெட்டிகளுக்குள் தோல் வாரெல்லாம் பூஞ்சை. அத்தனையையும் கொத்தி எடுத்து, குழியில் நீற்றிய சுண்ணாம்பில் கடுக்காய் ஊறின தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பூசியிருக்கிறார்கள்.

"அவசரப்படுத்தாதீங்கம்மா, சுண்ணாம்பு காத்தைக் குடிச்சுத்தான் கல்லாகும்" என்றார் மேஸ்திரி. அவர் சொல்வது வேதியியலும்கூட. காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் சுண்ணாம்பு இறுகுகிறது.

நவம்பர் 29

துணிகளுக்கான பெட்டியில் விளக்கு மாட்டினோம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் கணக்கிடுவார்கள், துணிக்கு 50 லக்ஸுக்கு மேல் ஆகாது. பழைய டியூப்லைட் பல வருடம் எரிந்ததில் இந்த மலையின் பழங்குடிகளான தோடர்கள் போர்த்திக்கொள்ளும் பூத்துக்குளி ஒன்றில் சிவப்பு நூல் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. போன நிறம் போனதுதான்.

மந்து என்னும் தோடர் ஊரிலிருந்து ஒரு பாட்டியைக் காப்பாட்சியர் மேடம் அழைத்து வந்திருந்தார். பாட்டி பார்த்ததும் கேட்டது ஒன்றுதான்: "ஏன் திருப்பிப் போட்டிருக்கீங்க?" அவர்கள் கோடு போட்டுத் தைப்பதில்லை. துணியின் இழையை எண்ணியே ஊசி ஓட்டுகிறார்கள். நூல் புடைத்து நிற்கிற பக்கம்தான் அவர்களுக்கு முகம். நாங்கள் இத்தனை காலமும் வழவழப்பான பக்கத்தை ஊருக்குக் காட்டியிருக்கிறோம். பாட்டியே கையுறை போட்டுக்கொண்டு திருப்பி வைத்தார்.

டிசம்பர் 6

இன்று தேயிலை அறை. இதைப் பற்றி எழுதவே இந்த நோட்டை ஆரம்பித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

பழைய அறையில் துரைமார் படங்கள், இலை உருட்டும் இயந்திரம், தராசு, ஒரு வேட்டைத் துப்பாக்கி. பெண்கள் கூடையோடு நிற்கும் ஒரே ஒரு படம். அதற்குக் கீழே, "கூலிகள், தேயிலைத் தோட்டம்". வேலைக்குச் சேர்ந்த பதினோரு வருடமாக அந்த அட்டையைத் துடைத்து வந்தவள் நான். என் அம்மா, பாட்டி, பெரியம்மா எல்லோரும் கொழுந்து எடுத்தவர்கள்.

மேடம் அட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "இந்த அறையை நீங்க எழுதுங்க. உங்க லயத்துலேயே கேட்டு எழுதுங்க" என்றார். ராத்திரி தூக்கம் வரவில்லை.

டிசம்பர் 8

லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், வீடு வீடாகப் போனேன். சிலோன்காரங்க லயம் என்றுதான் ஊரில் சொல்வார்கள். அரை நூற்றாண்டு ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை. கிடைத்தவை: ஒரு கொழுந்துக் கூடை, இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு, செடியின் மேல்மட்டம் பார்க்கும் மட்டக்கம்பு, செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி ஒன்று, நுவரெலியாவில் வாங்கிய தகரப் பெட்டி. எல்லாரும் மனசோடு கொடுத்தார்கள்.

என் வீட்டில்தான் மறுப்பு.

அம்மாவின் பெட்டி அடியில் பிளாஸ்டிக் கவருக்குள் இருப்பது, இந்தியத் தூதரகம் அன்றைக்குக் கொடுத்த குடும்ப அட்டை. தாத்தா, பாட்டி, ஐந்து பிள்ளைகள், அவரவர் வயது. அம்மாவுக்கு 15 என்றிருக்கிறது. 1973-ல் இலங்கையிலிருந்து வந்தார்கள். தலைமன்னார் வரைக்கும் ரயில், அங்கிருந்து ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாம், அப்புறம் இந்த மலை.

அதை ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாமா என்று கேட்டேன்.

"அது எதுக்கு? நாளைக்கு எவனாச்சும் வந்து நீ யாருன்னு கேட்டா நான் எதைக் காட்டுறது?"

"அம்மா, ஆதார் இருக்கு, ரேஷன் கார்டு இருக்கு, ஓட்டுப் போடுற கார்டு இருக்கு."

"அங்கயும் எல்லாம் இருந்துச்சு புள்ள."

அதற்கு மேல் பேச எனக்கு வாயில்லை. 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், அங்கேயே பிறந்து வளர்ந்த மலையகத் தமிழர்களை ஒரே நாளில் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இரு நாட்டுப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேயே. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம் என்று விட்டு, 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் ஒரு புள்ளி என் அம்மா. வந்தவர்களுக்கு வேலை தரவென்றே 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் இங்கே தொடங்கியது. அதில்தான் 35 வருடம், காலையில் பேர் கொடுத்து வேலைக்கு நிற்கிற பிரட்டுக்குப் போனாள். இத்தனைக்குப் பிறகும் அந்தக் காகிதம் தன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால்தான் அவளுக்கு மூச்சு.

டிசம்பர் 13

மேடத்திடம் சொன்னேன். கோபப்படுவார் என்று பயந்தேன். "அப்போ நகல் வைப்போம்" என்றார். "வீட்டிலேயே வைத்து ஸ்கேன் செய்வோம், அம்மா கண் முன்னாலேயே."

டிசம்பர் 19

இன்னொரு பழங்குடியான கோத்தர்களின் ஊருக்குப் போனோம். திறப்பு விழாவுக்குக் அவர்களுடைய கொள் என்னும் குழலும் தம்பட்டை மேளமும் வேண்டும் என்று கேட்கத்தான். அதைக் கேட்பதிலும் ஒரு முறை உண்டு. ஒரு காலத்தில் மற்றச் சமூகத்தார் வீட்டுச் சாவுக்கெல்லாம் அவர்கள்தான் வாசிக்க வேண்டும். அதை இழிவாகப் பார்த்தவர்களுக்கு இனி வாசிப்பதில்லை என்று விட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. எனவே வரவேற்பு மேளம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. "உங்க பொருள் எங்ககிட்ட இருக்கு, நீங்க வந்து பாக்கணும். வாசிக்கிறதும் ஆடுறதும் உங்க விருப்பம்" என்றார் மேடம். பெரியவர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, ஆண்களும் பெண்களும் வருவார்கள், ஆடுவது தங்களுக்காகத்தான் என்றார். அதைத்தான் நாங்களும் கேட்டோம்.

டிசம்பர் 28

உறைபனி. புல்லெல்லாம் வெள்ளை. படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக் காலத்தோடு மோதாமல் ஜனவரி 24 என்று முடிவாயிற்று. முதல் இரண்டு மணி நேரம் பேச்சு கிடையாது, மேடை கிடையாது, ஊர்க்காரர்கள் பார்ப்பதற்கு மட்டும்.

ஜனவரி 7

கல்வட்ட அறை முடிந்தது. எருமை உருவம் வைத்த மூடிகளோடு கூடிய பானைகள் இந்த மலையின் பழைய ஈமச் சின்னங்களில் கிடைத்தவை. நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த பிரீக்ஸ் தோண்டி எடுத்தார். அவருடைய நூல், அவர் இறந்த மறு வருடம், 1873-ல் வெளிவந்தது. பொருள்கள் சென்னை அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்தன. இங்கே இருப்பவை படங்கள்தாம். இந்த மலையின் பிள்ளைகள் அவற்றைப் பார்க்க எழும்பூர் போக வேண்டியிருப்பது எனக்கு வருத்தமே. அட்டையில் எங்கே இருக்கின்றன என்பதைத் தெளிவாக எழுதச் சொன்னேன்.

ஜனவரி 24

கால் இரண்டும் வலிக்கின்றன, ஆனாலும் எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

பத்து மணிக்குக் கதவு திறந்தது. ரிப்பன் இல்லை. தோடர் பாட்டி முதலில் உள்ளே போனார், நேரே துணிப் பெட்டிக்கு. திருப்பியது திருப்பியபடியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தலையாட்டினார். கோத்தப் பெண்கள் மண்பானைகளுக்கு எதிரில் நின்று, எந்தப் பானை எந்த ஊர்க் கை என்று தங்களுக்குள் வாதிட்டார்கள். எங்கள் பதிவேட்டில் அந்த விவரம் ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டே வந்தேன். ஆறு பானைக்கு ஊர் கிடைத்தது, இரண்டில் அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. அதையும் அப்படியே எழுதினேன். வெள்ளரிக்கொம்பையிலிருந்து வந்த குறும்பர் ஓவியர் வேங்கை மரத்துப் பாலிலும் மண்ணிலும் வண்ணம் குழைத்துக் காட்டினார். பிள்ளைகள் அவரை விடவே இல்லை.

வெளியே குழல் எழுந்ததும் எல்லோரும் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். கோத்தர்கள் வட்டமாக ஆடினார்கள். ஒருவரும் கூப்பிடாமலே சத்தம் அடங்கிப்போய் ஊர் நின்று பார்த்தது.

சாப்பாட்டுக்கு ஹட்டி என்னும் படகர் ஊரிலிருந்து துப்பதிட்டு என்கிற பலகாரமும் அவரைக் குழம்பும். எங்கள் லயத்திலிருந்து தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும். ரொட்டி முதலில் தீர்ந்தது.

அம்மா மூன்று மணிக்குத்தான் வந்தாள், நல்ல சேலை கட்டிக்கொண்டு. தேயிலை அறைக்குள் நான் கூடப் போகவில்லை, வாசலில் நின்றேன். அந்தப் பழைய படத்துக்கு இப்போது அட்டை: "கொழுந்து எடுக்கும் பெண்கள். பெயர்கள் எழுதிவைக்கப்படவில்லை." பக்கத்துப் பெட்டியில் குடும்ப அட்டையின் நகல். அதன் கீழே நான் எழுதியது: "அசல் இதன் உரிமையாளரிடம் இருக்கிறது."

அம்மா எழுத்துக்கூட்டிப் படிப்பவள். விரலைக் கண்ணாடிமேல் வைத்து ஒவ்வொரு பெயராகச் சத்தமாகப் படித்தாள். அவளுடைய அப்பா, அம்மா, கப்பலேறி வந்து மண்டபத்தில் காய்ச்சலில் போன தம்பி. அந்தத் தம்பி பெயரை அவள் வாயால் நான் கேட்டதே இல்லை. பக்கத்தில் நின்ற படகர் வீட்டு அம்மா ஒருவர், "அது யாருங்க்கா?" என்றார். அம்மா அவரிடம் சொல்ல ஆரம்பித்தாள். அரை மணி நேரம் சொன்னாள்.

ஜனவரி 25

பத்து மணிக்குத்தான் திறப்பு. ஒன்பது மணிக்கே படிக்கட்டில் லயத்துப் பெண்கள் மூன்று பேர், ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவரோடு. "தர மாட்டோம்டி. படம் மட்டும் எடுத்துக்க" என்றார் மூத்தவர். ஸ்கேனரைத் துடைத்து வைத்தேன். அவர் கவரைப் பிரித்து, காகிதத்தின் ஓரத்தைத் தானே பிடித்துக்கொண்டு கண்ணாடிமேல் வைத்தார். மூடியைப் பாதிதான் மூட விட்டார்.