கரிநெருப்பு

மார்ச் 4, புதன்

இன்று மீட்டிங்கில் வாயைத் திறக்கவில்லை. நடந்தது அவ்வளவுதான். வெளியே போன அறிக்கை ஒன்றில் போன ஆண்டின் கணக்கு அப்படியே ஒட்டிக்கொண்டு போய்விட்டது. சரிபார்த்து அனுப்பியவன் நான். "கடைசியாகப் பார்த்தது யார்?" என்று மேலாளர் கேட்டார். தயாரித்த தம்பி வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் லேப்டாப்பைப் பார்த்தேன். திட்டு முழுக்க அவனுக்கே விழுந்தது.

மார்ச் 5, வியாழன்

இரவு தூக்கமில்லை. விடியற்காலையில் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். அழுகைகூட வந்தது. எழுந்தபோது மனசு லேசாக இருந்தது. அவன் முகத்தைப் பார்க்கும்வரைதான் அந்த லேசு.

மார்ச் 8, ஞாயிறு

ஆராதனையில் மத்தேயு சுவிசேஷம் 5ஆம் அதிகாரம் வாசித்தார்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லும் 23, 24 வசனங்கள். ஞாயிறு பள்ளிக் காலத்திலிருந்தே மனப்பாடம். இன்றுதான் ஒன்று உறைத்தது: அங்கே மனக்குறை காணிக்கை கொண்டுவருகிறவனுக்கு இல்லை, அவன்பேரில் மற்றவனுக்கு. அப்படியானால் வியாழனன்று நான் செய்த ஜெபம்? தம்பியிடம் கேட்க வேண்டியதைக் கர்த்தரிடம் கேட்டு முடித்துக்கொள்ளப் பார்த்திருக்கிறேன். கர்த்தர் மேலாளரிடம் போய்ச் சொல்ல மாட்டார் அல்லவா, அந்தத் தைரியம்.

மார்ச் 9, திங்கள்

அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "அன்றைக்கு நடந்தது எனக்கு வருத்தம்தான்" என்றேன். "பரவாயில்லை அண்ணா" என்றான். நடந்ததாம்! மழை பெய்ததைச் சொல்வதுபோல.

மார்ச் 10, செவ்வாய்

ராத்திரி, இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த அவருடைய சீஷன் பேதுருவின் கதையை எடுத்துவைத்துப் படித்தேன். சேவல் கூவியதும் அவன் மனங்கசந்து அழுத இடத்தில்தான் எப்போதும் நிறுத்திவிடுவேன். அழுதால் கணக்கு முடிந்தது என்று நினைக்க அது வசதி. இந்த முறை யோவான் சுவிசேஷத்தில் மேலே படித்தேன். 18ஆம் அதிகாரத்தில் ஊழியக்காரர் மூட்டிய கரிநெருப்பில் குளிர்காய்ந்தபடிதான் மறுதலிக்கிறான். 21ஆம் அதிகாரத்தில் உயிர்த்தெழுந்த இயேசு கரையில் காத்திருக்கிறார். அங்கேயும் கரிநெருப்பு. கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த இரண்டு இடத்தில் மட்டுமே வருகிறதாம். படகிலிருந்து குதித்துக் கரைக்கு வந்தவன் மூக்கில் அந்தப் புகை ஏறியிருக்கும். அந்த இரவு ஞாபகம் வராமலா இருந்திருக்கும்?

அப்புறம் மூன்று முறை ஒரே கேள்வி, "என்னை நேசிக்கிறாயா?" மூன்றாவது முறை துக்கப்பட்டான் என்றே எழுதியிருக்கிறது. கரையில் இருந்த சீஷர்கள் அவனோடு சேர்த்து ஏழு பேர். அவனைத் தனியே அழைத்துப்போய்க் கேட்டதாக எழுதியில்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நாளை புதன், அதே மீட்டிங்.

மார்ச் 11, புதன்

சொல்லிவிட்டேன். "போன வாரத்துத் தவறு என்னுடையது. சரிபார்த்தது நான். கேட்டபோது பயந்து பேசாமல் இருந்தேன்." குரல் நடுங்கியது. மேலாளர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அன்றைக்கே சொல்லியிருக்கலாம்" என்றார். இனி என் அறிக்கைகளை இன்னொருவர் பார்த்த பிறகே அனுப்ப வேண்டுமாம். நியாயம்தான், ஆனாலும் சுட்டது. சபையில் சாட்சி சொல்கிறவர்கள் வர்ணிக்கிற அந்த நிம்மதி எனக்கு வரவில்லை. பசிதான் எடுத்தது.

மார்ச் 15, ஞாயிறு

இனிமேல் நான் தைரியசாலி என்று நினைக்க ஆரம்பித்திருந்தேன். நல்லவேளை, அப்போஸ்தலர் பவுல் எழுதிய கலாத்தியர் நிருபத்தின் 2ஆம் அதிகாரம் கண்ணில் பட்டது. பெந்தெகொஸ்தே பண்டிகை நாளில் கூட்டத்தின் முன் எழுந்து நின்று பிரசங்கித்த அதே பேதுரு, அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்துவிட்டு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து யூதர் சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொள்கிறான். எல்லார் முன்பாகவும் பவுல் கேட்டுவிடுகிறார். அதே பழைய பயம், பந்திதான் வேறு. இதைப் படித்துச் சிரிப்பதா, பயப்படுவதா?

மார்ச் 20, வெள்ளி

தம்பி ஒரு கோப்பு அனுப்பியிருந்தான். முதல் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம்: "சரிபார்த்தவர்". யாரும் சொல்லாமல் அவனாகவே சேர்த்தது. என்மேல் நம்பிக்கை வந்து சேர்த்தானா, வராததால் சேர்த்தானா, கேட்கவில்லை. கணக்கை முதல் வரியிலிருந்து இரண்டு முறை பார்த்துவிட்டு என் பெயரை எழுதினேன்.