கயிற்றை இழுத்துப் பிடித்திருப்பவர்

கோவையிலிருந்து இரவு ரயிலில் வந்து சென்ட்ரலில் இறங்கினேன். பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரிக்கு நடந்தே போய்விட்டேன். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. அதன் செங்கல் கட்டடங்களைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். எனக்கு வேண்டியிருந்தது அச்சோவியக் கூடம்.

ஒரு மாணவி துத்தநாகத் தகட்டில் மை ஏற்றிக்கொண்டிருந்தார். அமிலம் அரித்த கோடுகளுக்குள் மையை அழுத்தி இறக்கி, மேலே தங்கியதைத் துணியாலும் கடைசியில் உள்ளங்கையாலும் துடைத்தார். ஈரத் தாளை வைத்து, கம்பளி போர்த்தி, அச்சு எந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றினார். தாளை ஓரத்திலிருந்து உரிக்க உரிக்க, ஒரு சர்க்கஸ் கூடாரம் வெளியே வந்தது. முன்வரிசை நாற்காலிகளில் இருந்தவர்களுக்குக் கண், மூக்கு, நகை எல்லாம் இருந்தன. கேலரிப் பலகையில் நெருக்கியடித்து உட்கார்ந்தவர்கள் வெறும் புள்ளிகள். உயரத்தில் ஒரு சிறுமி. கீழே கயிற்றை இழுத்துப் பிடித்திருந்த ஆள் முழுக் கறுப்பு.

"இவருக்கு ஏம்மா முகம் இல்லை?"

"அவரை யார் சார் பார்க்கிறார்கள்? மற்ற இடங்களை வார்னிஷ் பூசி மறைத்துவிட்டு, அவரை மட்டும் அமிலத்தில் அதிக நேரம் விட்டேன்."

பிக்காசோவும் 1904, 1905இல் பாரிஸில் நாடோடி வித்தைக்காரர்களைத் தகட்டில் கீறியிருக்கிறார். கைதட்டலுக்கு நடுவே அல்ல. பிள்ளையும் பசியுமாக அவர்கள் ஓய்ந்திருக்கும் வேளையில். அந்த வரிசையின் முதல் படத்தை, வேறொருவர் பயன்படுத்திய பழைய தகட்டைச் சுரண்டித்தான் செய்தார். ஜெர்மன் ஓவியர் மாக்ஸ் பெக்மன் 1921இல் சந்தைக் கூத்தை 10 படங்களாகச் செய்தபோது, வாசலில் மணியடித்துக் கூட்டம் சேர்ப்பவனாகத் தன்னையே வரைந்தார். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

நம்மிடமும் இது பழைய காட்சிதான். நற்றிணையின் 95ஆம் பாட்டில், வாத்தியங்கள் முழங்க ஆடுமகள் கயிற்றில் நடக்கிறாள்.

மாலையில் பாரிமுனையில் அப்படிக் கயிற்றில் நடக்கும் ஒரு சிறுமியைப் பார்த்தேன். எட்டு வயது இருக்கலாம், தலையில் மூன்று சொம்பு. சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2011இல். அந்தச் சொல் இந்த நடைபாதைக்கு இன்னும் வந்து சேரவில்லை. பள்ளிப் பையோடு போன பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நெஞ்சு பதறியது.

தட்டில் பணம் போடக் குனிந்தபோதுதான் அவளுடைய அப்பா கண்ணில் பட்டார். கை மேளத்தை அடித்துக்கொண்டிருந்தது. மூங்கில் நழுவாமல் அடியில் ஒரு காலை ஊன்றி மிதித்திருந்தார். அழுத்தத்தில் பெருவிரல் வெளுத்திருந்தது.