கையை ஊன்றாம எழுந்திருங்க

என் அறையில் கைப்பிடி இல்லாத மர நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டு வைத்திருக்கிறேன். வருகிற பெரியவர்களை முதலில் அதில்தான் உட்கார வைப்பேன். இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். 12 விநாடிக்குள் முடித்துவிட்டால் நிம்மதி. 12ஐத் தொட்டாலே தசை பலம் இறங்குகிறதா என்று பார்க்கத் தொடங்கிவிடுவோம். ஆசியர்களின் உடல்வாகுக்கென்று 2019இல் வகுத்த அளவு அது.

சென்னையில் பிசியோவாக எனக்கு இது 19ஆவது வருடம். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் புளியந்தோப்பு பாட்டியைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 71 வயது. முட்டி வலி, கரண்ட் வைக்க வேண்டும் என்று மகன் கூட்டி வந்திருந்தார்.

"கையை ஊன்றாம எழுந்திருங்க பாட்டி" என்றேன். குனிந்தார். இரண்டு முட்டிகளும் ஒன்றோடொன்று ஒட்டின. குதிகால் தரையை விட்டுக் கிளம்பியது. கட்டியிருந்த கை தானாகப் பிரிந்து தொடையைத் தேடியது. பாதி எழுந்து, அந்தரத்தில் ஒரு கணம் நின்று, அப்படியே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது முறையும் அதேதான்.

"என்னால ஆவாதும்மா."

கைப்பிடி பலம் பார்க்கும் கருவியைக் கொடுத்தேன். பெண்களுக்கு 18 கிலோவாவது வர வேண்டும். முள் 11இல் நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், "இந்தக் கையாலதான் நாப்பது வருசம் அடிபம்புல தண்ணி அடிச்சேன்" என்றார். மகன் குறுக்கிட்டார். "இப்பதான் மோட்டார் போட்டாச்சே மேடம். மூணு வருசமா அம்மாவை ஒரு வேலையும் செய்ய விடறதில்ல. உட்கார்ந்த இடத்துக்கே தட்டு வந்துடும்." அம்மாவை நன்றாக வைத்திருக்கிறோம் என்ற பெருமை அவர் குரலில் இருந்தது. அது உண்மையான அன்பு. அந்த அன்பில்தான் பாட்டியின் தொடைத் தசை கரைந்துகொண்டிருந்தது.

தள்ளாமை என்று நம் வீடுகளில் சொல்வதற்கு மருத்துவத்திலும் கணக்கு உண்டு. அமெரிக்க முதியோர் மருத்துவர் லிண்டா ஃபிரைட் 2001இல் ஐந்து அடையாளங்களை எழுதி வைத்தார். முயற்சி செய்யாமலே ஒரு வருடத்தில் நாலரைக் கிலோ எடை குறைவது, எதைச் செய்தாலும் அசதி, கைப்பிடி தளர்வது, நடை மெதுவாவது, நடமாட்டம் குறைவது. மூன்று இருந்தால் தள்ளாமை. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதன் வாசற்படியில் நிற்கிறார் என்று பொருள். இதில் எதையும் ஆண்டுக்கணக்கைப் பார்த்துச் சொல்வதில்லை. 80 வயதில் ஒன்றுகூட இல்லாதவர் இருக்கிறார்; 62இல் நான்கு இருப்பவரும் என்னிடம் வந்திருக்கிறார். பாட்டிக்கு மூன்று இருந்தன.

எனக்கும் இது ஆரம்பத்திலேயே புரிந்துவிடவில்லை. நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியில் எழுபதைத் தாண்டிய எல்லோருக்கும் ஒரே சிகிச்சைதான். 15 நிமிடம் கரண்ட், கொஞ்சம் வெப்பம், படுத்தபடி காலைத் தூக்கி இறக்குவது பத்து முறை. வயதானவர்களுக்குப் பாரம் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நானும் கேள்வி கேட்காமல் மூன்று வருடம் அதையே செய்தேன். வலி கொஞ்சம் குறையும். எழுந்து நடக்கிற தெம்பு மட்டும் வராது. அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பலத்தை நான் கொடுக்காமல் விட்டேனே என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது.

பிறகுதான் 1990இல் பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் செய்த ஆய்வைப் படித்தேன். முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி 90 வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் தொடைத் தசைக்கு நல்ல பாரமாகவே கொடுத்துப் பயிற்சி செய்ய வைத்திருக்கிறார்கள். முழுதாக முடித்தவர்களின் தசை பலம் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. தொண்ணூறு வயதுத் தசையும் கூப்பிட்டால் வருகிறது! அதைப் படித்த நாளிலிருந்து கணுக்காலில் கட்டும் மணல் மூட்டை இல்லாமல் நான் வீட்டு விசிட்டுக்குக் கிளம்புவதில்லை.

பாட்டிக்கு முதலில் நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டினேன். உயரம் கூடினால் எழுவது சுலபம். இரண்டு வாரத்தில் ஒரு தலையணையை எடுத்தோம், ஐந்தாவது வாரத்தில் இன்னொன்றை. கணுக்காலில் அரைக் கிலோவில் தொடங்கி இரண்டு கிலோ வரை போனோம். கடைசி இரண்டு முறை தூக்கும்போது முகம் சுளிக்க வேண்டும். அவ்வளவு பாரம் இருந்தால்தான் தசைக்கு உறைக்கும். ரத்த அழுத்தமும் மூட்டும் பார்த்து, டாக்டரிடம் கேட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். ஆனால் பயந்து செய்யாமலே விடுவதில் உள்ள ஆபத்து இதைவிடப் பெரிது.

சாப்பாட்டையும் கேட்டேன். காலையில் டீயும் பன்னும், மதியம் ரசம் சோறு, ராத்திரி இரண்டு இட்லி. வயதானால் எளிதாகச் செரிப்பது போதும் என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். சிறுநீரகக் கோளாறு இல்லாத பெரியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு தினமும் ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். அவர் எடை 52 கிலோ. ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம். தினம் இரண்டு முட்டை, மதியம் ஒரு கிண்ணம் சுண்டல் அல்லது மீன், ராத்திரி ஒரு டம்ளர் பால் என்று மருமகளிடம் சொன்னேன். பாட்டி பிடித்துக்கொண்டது மீனை மட்டும்தான்!

அவருக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்று. ஆவடியில் இருக்கும் மகள் வீட்டுக்கு யாருடைய துணையும் இல்லாமல் பஸ்ஸில் போக வேண்டும். அரசு கொடுக்கும் சீனியர் சிட்டிசன் இலவச பஸ் டோக்கன் மாதாமாதம் பர்ஸிலேயே கிடந்தது. தாழ்தளப் பேருந்துகள் 2024இல் சென்னைக்கு மறுபடி வந்திருக்கின்றன என்றாலும், அவர் நிற்கும் ஸ்டாப்பில் அனேகமாக உயரப் படி வைத்த வண்டிதான் வரும். அதனால் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி இறங்கப் பழக்கினோம். 12 வாரம் கழித்து நாற்காலியில் ஐந்து முறை எழுந்து உட்கார 14 விநாடி. கைப்பிடி 15 கிலோ. புத்தக அளவுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் ஆவடி போய் வந்துவிட்டார், அங்கிருந்து ஒரு பை முருங்கைக்காயோடு.

இதையெல்லாம் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்த நான், என் அப்பாவைக் கவனிக்கவில்லை. ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம் டெங்கு வந்து எட்டு நாள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். ஆரோக்கியமான முதியவர்களையே பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007இல் வந்தது. கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது. படித்திருந்தேன், வகுப்பும் எடுத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவரிடம் நான் சொன்னது, "மாடிப்படி ஏறாதீங்கப்பா, செடிக்கு நான் தண்ணி ஊத்திக்கறேன்." ஏழு மாதம் அப்படியே போனது.

பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார் ஒரு நாள். டேப்பை எடுத்துவந்து கெண்டைக்காலை அளந்தேன். ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. 31 இருந்தது. டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "என்னப்பா, சொல்லக் கூடாதா?" என்றேன். "நீதானேம்மா உட்காரச் சொன்ன" என்றார்.

மறுநாளே தொடங்கினோம். நாற்காலி, மணல் மூட்டை, ராத்திரியில் முட்டை. மூன்று மாதம் ஆயிற்று. கெண்டைக்கால் அரை சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. போன ஞாயிறு கால் வாளித் தண்ணீரோடு மாடிக்குக் கிளம்பினார். 17 படி. ஒவ்வொன்றிலும் இரண்டு காலையும் வைத்து, கைப்பிடியைப் பிடித்து, ஒன்பதாவது படியில் நின்று மூச்சு வாங்கினார். வாளி லேசாக ஆடித் தண்ணீர் சிந்தியது. வாங்கிக்கொள்ளலாமா என்று கை பரபரத்தது. கீழ்ப்படியிலேயே நின்றேன். பத்தாவது படியில் அவர் கால் பட்டது.