ஒற்றைக்கால் ரவுட்டர்: பொங்கல் வாரக் குறிப்புகள்

9 ஜனவரி 2025, வியாழன்

பொங்கல் விடுமுறைக்குள் வீட்டு நெட்வொர்க்கைப் பிரித்துவிடுவது என்று இன்று உட்கார்ந்தேன். வீலான் என்றால் அதே கேபிள்களிலேயே தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். வீலான் 10 வீட்டாரின் லேப்டாப், போன்களுக்கு. 20இல் கோப்புகளைச் சேமிக்கும் நாஸ் பெட்டியும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியும். 30இல் டிவி, பிரிண்டர், வாசல் கேமரா. இன்டர்நெட் வரும் பெட்டிக்குத் தனியாக 99. முகவரிகளும் அதே எண்ணில்தான்: 192.168.10, 192.168.20, 192.168.30. பார்த்த உடனே எது எங்கே என்று தெரியாவிட்டால் இரவு பதினொரு மணிக்கு நம் மூளையை நம்ப முடியாது.

வீலான்களுக்கு நடுவே பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) கடத்தும் ரவுட்டர் வேலைக்குப் பழைய மினி பிசி ஒன்றில் டெபியன் 12 லினக்ஸ். அதில் இருப்பது ஒரே ஒரு லேன் போர்ட். நான்கு வீலானும் தத்தம் எண்ணை டேக்காகப் போட்டுக்கொண்டு அந்த ஒரே கேபிளில்தான் ஏறி இறங்க வேண்டும். இதை 'ரவுட்டர் ஆன் எ ஸ்டிக்' என்பார்கள். எனக்கு ஒற்றைக்கால் ரவுட்டர்.

முதல் ராத்திரி எல்லாக் கருவிகளும் தத்தம் கேட்வேயை (ரவுட்டரில் தங்கள் வீலானுக்கான முகவரியை) பிங் செய்தன, அதாவது 'இருக்கிறாயா' என்று கேட்டுப் பதில் வாங்கின. அதைத் தாண்டி ஒன்றும் நகரவில்லை. ஒரு நெட்வொர்க்கில் வந்ததை இன்னொன்றுக்குக் கடத்தும் ஐபி ஃபார்வர்டிங்கையே நான் போடவில்லை. சரி, தூங்கலாம்.

10 ஜனவரி, வெள்ளி

காலையில் கரண்ட் போய் வந்தது. கேபிள்களை இணைக்கும் சுவிட்ச், எல்லா வீலானையும் ரவுட்டருக்குச் சுமக்கும் ட்ரங்க் போர்ட்டையே மறந்துவிட்டது. நேற்று செய்ததை நான் சேவ் செய்யவில்லை. மறுபடி முதலிலிருந்து.

மாலையில் விண்டோஸ் டெஸ்க்டாப்பைச் சோதனைக்காக 20இல் மாட்டி, 10இலிருந்து பிங் அடித்தேன். பதில் இல்லை. என் ஃபயர்வால் விதிகளை ஒரு மணி நேரம் வரிவரியாகப் படித்த பிறகுதான் உறைத்தது: விண்டோஸ் ஃபயர்வாலின் இயல்பான அமைப்பு வேறு சப்நெட்டிலிருந்து (வேறு முகவரித் தொகுதியிலிருந்து) வரும் பிங்குக்குப் பதில் சொல்லாது. பாக்கெட் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருந்தது.

11 ஜனவரி, சனி

இன்றைக்கு வந்தது நிஜமான பேய். லேப்டாப்பிலிருந்து நாஸுக்குப் பிங் போகிறது, ஒன்றுகூடத் தவறவில்லை. இங்கிருந்தே அதற்குள் நுழைய எஸ்எஸ்ஹெச் போட்டால் அப்படியே நிற்கிறது. 'மறுக்கப்பட்டது' என்றும் வரவில்லை, பாஸ்வேர்டும் கேட்கவில்லை. நாஸின் வலைப்பக்கம் வெள்ளையாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதே வீலான் 20இல் பக்கத்தில் இருக்கும் ராஸ்பெர்ரி பை உடனே உள்ளே விடுகிறது. அப்படியானால் ரவுட்டிங் சரி, விதிகளும் சரி. நாஸ் மட்டும் ஏன்?

எம்டியுவாக (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) இருக்குமோ என்று அரை நாள் வீணாக்கினேன்.

12 ஜனவரி, ஞாயிறு

யோசிப்பதை நிறுத்திவிட்டு, போய் வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் ஓட்டினேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. எஸ்எஸ்ஹெச் இணைப்பு மூன்று படிக் கைகுலுக்கலில் தொடங்கும்: கேட்பவர் சின் அனுப்புவார், பதிலாகச் சின்-ஆக் வரும், கேட்பவர் மறுபடி ஆக் அனுப்புவார். ரவுட்டரில் லேப்டாப் அனுப்பும் சின் தெரிகிறது, அடுத்து அதே லேப்டாப்பின் ஆக் தெரிகிறது. நடுவில் நாஸ் அனுப்ப வேண்டிய சின்-ஆக்கைக் காணோம். பதிலே வராமல் லேப்டாப் எப்படி ஆக் அனுப்பும்? அப்படியானால் பதில் அதன் கைக்குப் போயிருக்கிறது, ரவுட்டர் வழியாகப் போகவில்லை.

நாஸுக்குள் போய் எல்லா இன்டர்ஃபேஸிலும் ஓட்டியதும் குட்டு உடைந்தது. நாஸுக்கு இரண்டு லேன் போர்ட். இரண்டாவதற்கு 192.168.10.57 என்று வீலான் 10இலும் ஒரு முகவரி கிடைத்திருக்கிறது. லேப்டாப்பும் வீலான் 10தானே, நேரடியாகவே கொடுத்துவிடலாம் என்று நாஸ் நினைக்கிறது. கேள்வி வாசல் வழியாக வருகிறது, பதில் கொல்லைப்புறமாகப் போகிறது.

ரவுட்டரின் ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸ் பாதி உரையாடலைத்தான் கேட்கிறது. சின்-ஆக்கைப் பார்க்காமல் வந்த ஆக் அதன் கணக்கில் செல்லாத பாக்கெட். செல்லாததைத் தள்ளிவிடு என்று விதி எழுதி வைத்தது நான்தான். அந்த விதியில் ஒரு கவுண்டரைச் சேர்த்துப் பார்த்தேன், எஸ்எஸ்ஹெச் போடும்போதெல்லாம் எண் ஏறுகிறது. பிங்கில் இந்த மூன்று படிக் கைகுலுக்கல் கிடையாது என்பதால் அது மட்டும் பிழைத்தது.

இன்னொரு வேடிக்கை. பாக்கெட் வந்த வழியிலேயே பதிலும் போகுமா என்று பார்க்கும் ரிவர்ஸ் பாத் ஃபில்டர் நாஸில் தளர்வான நிலையில் இருந்தது. கண்டிப்பான நிலையில் இருந்திருந்தால் பிங்கும் செத்திருக்கும், நானும் நேற்றே கேபிளைப் போய்ப் பார்த்திருப்பேன்.

13 ஜனவரி, போகி

அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு நாஸின் இரண்டாவது போர்ட்டில் இருந்த நீலக் கேபிளைப் பிடுங்கினேன். தீபாவளிப் படங்களை வேகமாக ஏற்ற "இப்போதைக்கு" என்று செருகியது. உடனே எஸ்எஸ்ஹெச் வந்தது. வந்த வழியிலேயே பதிலை அனுப்பச் சொல்லும் பாலிசி ரவுட்டிங் எழுதி இரண்டு போர்ட்டையும் வைத்துக்கொள்ளலாம்தான். எனக்கு அவ்வளவு தேவை இல்லை.

"அது வேண்டாததுன்னா குடு, வெளிய போடறேன்" என்றாள் அம்மா. பிளாஸ்டிக்கை எரிக்கக் கூடாது என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.

14 ஜனவரி, பொங்கல்

பானை பொங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. "டேய், பிரிண்டரையே காணோம்டா" என்றார் அப்பா.

10இலிருந்து 30க்கு விதி திறந்துதான் இருக்கிறது. ஆனால் போன் பிரிண்டரைத் தேடுவது, தன் நெட்வொர்க்கில் எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்கும் எம்டிஎன்எஸ் மூலம். 224.0.0.251க்கு அது போடும் கூப்பாட்டை எந்த ரவுட்டரும் அடுத்த வீலானுக்குக் கடத்தாது. ரவுட்டரில் அவாஹி என்ற எம்டிஎன்எஸ் மென்பொருளைப் போட்டு, அந்தக் கூப்பாட்டை அடுத்த வீலானில் திரும்பச் சொல்லும் அதன் ரிஃப்ளெக்டரை 10க்கும் 30க்கும் மட்டும் திறந்துவிட்டேன். 30இலிருந்து யாரும் தானாக 10க்குள் நுழைய முடியாது, அந்த விதி அப்படியே இருக்கிறது.

அப்பா பென்ஷன் தாளை இரண்டு பிரதி எடுத்தார். போனில் ஓடும் படத்தை டிவிக்கு அனுப்புவது இன்னும் வரவில்லை. கரும்பைக் கடித்துவிட்டுப் பார்க்கலாம்.