1931: நூற்றுக்குப் பத்து சம்பளப் பிடித்தம்

5 ஆகஸ்ட் 2024, திங்கள்

பிரிட்டிஷ் இந்திய அரசு 1931-இல் தன் ஊழியர்களின் சம்பளத்தில் நூற்றுக்குப் பத்து வீதம் தற்காலிகமாகப் பிடித்த வரலாற்றை இந்த வாரம் படித்து வருகிறேன். உலகப் பொருளாதார மந்தத்தில் சுங்க வருவாய் சரிந்திருந்த நிலையில், செப்டம்பர் 21 அன்று பவுண்டின் மதிப்பைத் தங்கத்தோடு பிணைத்திருந்த தங்க நாணய முறையைப் பிரிட்டன் கைவிட்டது. அம்மாத இறுதியிலேயே வைஸ்ராயின் நிர்வாக சபையில் நிதித் துறையைக் கவனித்த நிதி உறுப்பினர் ஜார்ஜ் ஷுஸ்டர் அவசர நிதி மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். வருமான வரி விலக்கு வரம்பு ஆண்டுக்கு 2,000 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக இறங்கியது. வரிகளின் மேல் கூடுதலாக 25 சதவீத மிகைவரி விழுந்தது. மத்திய சட்டசபை மசோதாவை நிராகரித்தபோதும், வைஸ்ராய் வில்லிங்டன் தம் சிறப்பதிகாரத்தைக் கொண்டு அதைச் சட்டமாக்கினார்.

6 ஆகஸ்ட், செவ்வாய்

ஐ.சி.எஸ். எனும் இந்திய ஆட்சிப் பணியின் உயர் அதிகாரிகளின் சம்பளத்தில் டெல்லி அரசு தானாகக் கைவைக்க முடியவில்லை. லண்டனில் இருந்த இந்தியாவுக்கான அமைச்சரால் நியமிக்கப்பட்ட இவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்ததால், அவர்களிடம் பிடித்தம் செய்வதற்கென்றே லண்டன் பாராளுமன்றம் 1931-இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. குமாஸ்தாவுக்கோ தபால்காரருக்கோ அப்படி ஒரு வேலி இல்லை.

8 ஆகஸ்ட், வியாழன்

அதிகாரிகள் தரப்பு வாதத்தை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. ஒப்பந்தம் செய்து வேலைக்கு வந்தவர்கள், இங்கிலாந்தில் குடும்பத்தையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவையும் தாங்கியவர்கள், ஒருதலைப்பட்சமாகச் சம்பளத்தை வெட்டுவது வாக்குமீறல் என்று கருதியதில் நியாயம் உண்டு. ஆனால் 1914-ஐ 100 எனக் கொண்ட கல்கத்தா மொத்தவிலைக் குறியீடு 1929-இல் 141 ஆக இருந்து 1931-இல் 96-க்கு இறங்கிவிட்டது. விலைவாசி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்த காலத்தில், மாதம் 2,500 ரூபாய் வாங்கிய ஒருவர் 250 ரூபாயை இழந்த பிறகும், மிச்சப் பணத்தால் இந்தியச் சந்தையில் முன்பைவிட அதிகமாகவே வாங்க முடிந்தது. அதே விலைச் சரிவில் நெல் விற்றுக் கிஸ்தி (நிலவரி) கட்டிய ரயத்துக்கு (உழவருக்கு) வருமானம் குறைந்ததே தவிர, கிஸ்தி பணக்கணக்கில் அப்படியே நின்றது. அந்த ஆண்டு மார்ச்சில்தான் கராச்சியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, அரசு ஊழியர் எவருக்கும் சாதாரணமாக மாதம் 500 ரூபாய்க்கு மேல் சம்பளம் கூடாது என்று தீர்மானித்திருந்தது. பத்து வீதத்தைப் பெருந்தியாகமாகப் பேசியவர்களுக்கும் இந்தத் தீர்மானத்துக்கும் இடையில் இருந்த தொலைவு என்னை வருத்துகிறது.

10 ஆகஸ்ட், சனி

பிடித்தத்தில் பாதி 1933 ஏப்ரலிலும் மீதி 1935 ஏப்ரலிலும் நீக்கப்பட்டன. வருமான வரியின் மிகைவரியும் 1935 முதல் படிப்படியாகக் குறைந்தது. அதே 1931 மசோதாவில், 82 பவுண்டு எடையுள்ள ஒரு மணங்கு உப்பின் மீதான தீர்வை ஒன்றேகால் ரூபாய்க்கு மேல் ஐந்தணா (ரூபாய்க்குப் பதினாறு அணா) கூட்டப்பட்டிருந்தது. சம்பளம் முழுமையாக மீண்ட பிறகும் அந்த ஐந்தணா நீங்கவில்லை. 1947-இல் உப்பு வரியே ஒழியும்வரை கூலிக்காரர் அதைக் கட்டினார்.